லெக்சஸ் எல்சி 500 வாங்கும் முன்: பெட்ரோலும் பிற செலவுகளும், படிப்படியாக ஒரு கணக்கு

கார் வாங்கப் போகிறேன் என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மைலேஜ் எவ்வளவு தரும்?" ஆல்டோவுக்குக் கேட்பதையே 471 குதிரைத்திறன் கொண்ட லெக்சஸுக்கும் கேட்பார்கள். கேள்வியில் குற்றமில்லை. ஆனால் ஆடம்பர ஸ்போர்ட்ஸ் கூபே (இரண்டு கதவு கார்) வாங்குகிறவர் அந்த ஒரு விடையை மட்டும் வைத்துக்கொண்டு பட்ஜெட் போட்டால், ஆண்டுக் கடைசியில் கணக்கு உதைக்கும். இந்த வகைக் கார்களில் பல, வார இறுதியில் மட்டும் வெளியே வருபவை. அப்படிப்பட்ட காருக்கு, ஓடும்போது ஆகும் செலவைவிட காரேஜில் நிற்கும்போது கரையும் பணம் அதிகம். இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்து, உங்கள் ஓட்டத்துக்கு ஏற்பக் கணக்குப் போடும் முறையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அமெரிக்காவில் முதல்முறையாக இப்படி ஒரு காரை, அதுவும் சில ஆண்டுகள் ஓடிய பழைய காரை, வாங்க நினைப்பவருக்காக இது.

எடுத்துக்காட்டுக்கு லெக்சஸ் எல்சியை எடுத்துக்கொள்கிறேன். 2012 டெட்ராய்ட் கண்காட்சியில் வெறும் மாதிரியாக வந்து கண்ணைப் பறித்த கார் இது. விற்பனைக்கான வடிவம் 2016 ஜனவரியில் அதே டெட்ராய்ட்டில் வெளியானது. அமெரிக்கக் கடைகளுக்கு 2018 மாடலாக வந்தது. இதை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் கோஜி சாட்டோ 2023இல் டொயோட்டா நிறுவனத்தின் தலைவராகவே ஆனார். செலவுக் கணக்குக்கு இந்தக் கார் வசதியானது என்பதற்குக் காரணம் வேறு: ஒரே உடல், இரண்டு இதயம். எல்சி 500இல் 5 லிட்டர் வி8 எஞ்சின். எல்சி 500எச்சில் 3.5 லிட்டர் வி6 எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட், மொத்தம் 354 குதிரைத்திறன். கதவு, இருக்கை, தையல் எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே எஞ்சினால் எவ்வளவு செலவு, காரால் எவ்வளவு செலவு என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. (இந்தியாவில் 2020 ஜனவரியில் 1.96 கோடி ரூபாய் ஷோரூம் விலையில் இறங்கியது ஹைப்ரிட்தான்.)

படி 1: ஆண்டுக்கு எத்தனை மைல்?

முதலில் ஒரு தாளில் இதை எழுதுங்கள். ஆசையில் எழுதாதீர்கள். இப்போது ஓட்டும் காரின் பழைய சர்வீஸ் பில்கள் இரண்டை எடுத்தால் அவற்றில் தேதியும் ஓடோமீட்டர் எண்ணும் இருக்கும். கழித்துப் பார்த்தால் உங்கள் உண்மையான ஓட்டம் தெரியும். புதிய கூபே அதில் எவ்வளவு பங்கை எடுத்துக்கொள்ளும்? குழந்தைகளைப் பள்ளியில் விடவும் காஸ்ட்கோ மொத்தக் கடையில் அரிசி மூட்டை ஏற்றவும் வேறு கார் இருக்கும் வீட்டில், இரண்டு கதவு காருக்கு ஆண்டுக்கு 6,000 மைல் வந்தாலே அதிகம். அந்த 6,000 மைலில் நகரம் எவ்வளவு, நெடுஞ்சாலை எவ்வளவு என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாப் படிகளும் இந்த இரண்டு எண்களில்தான் நிற்கின்றன.

படி 2: கண்ணாடியில் ஒட்டிய சீட்டை ஒழுங்காகப் படியுங்கள்

அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின், சுருக்கமாக ஈபிஏவின், எரிபொருள் சீட்டு இருக்கும். பழைய காருக்கு அரசின் ஃப்யூவல்எகானமி டாட் கவ் தளத்தில் மாடல் ஆண்டைக் கொடுத்தால் அதே எண்கள் கிடைக்கும்.

2018 எல்சி 500க்குக் கேலனுக்கு நகரத்தில் 16 மைல், நெடுஞ்சாலையில் 26, இரண்டும் கலந்து 19. அதே ஆண்டு 500எச்சுக்கு 26, 35, 30. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் வி8 லிட்டருக்கு 8 கிலோமீட்டர், ஹைப்ரிட் கிட்டத்தட்ட 12.75 கிலோமீட்டர். அடுத்தடுத்த மாடல்களில் ஓர் எண் கூடக் குறைய இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே புதியவர்கள் தவறவிடும் விஷயங்கள் இரண்டு. கலந்த எண் என்பது 55 விழுக்காடு நகரம், 45 விழுக்காடு நெடுஞ்சாலை என்று வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் ஓட்டம் அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. அதேபோல் சீட்டில் போட்டிருக்கும் ஆண்டு எரிபொருள் செலவு, 15,000 மைல் ஓடினால் என்ற கணக்கு. நீங்கள் 6,000 மைல் ஓட்டுபவரானால் அந்தத் தொகையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதைக் காட்டி விற்பனையாளர் சொல்லும் ஹைப்ரிட் சேமிப்பை நம்பவும் வேண்டாம்.

அந்தச் சீட்டில் சிறிய எழுத்தில் இன்னோர் எண் உண்டு: 100 மைலுக்கு எத்தனை கேலன். உண்மையில் பணத்தைச் சொல்வது அதுதான். 19க்கும் 30க்கும் இடையில் 11 மைல் வித்தியாசம் என்றால் ஏதோ பெரிதாகத் தெரிகிறது. 100 மைலுக்கு 5.3 கேலன், 3.3 கேலன் என்று பாருங்கள். வித்தியாசம் 2 கேலன். கேலன் 5 டாலர் என்றால் பத்து டாலர் சமாசாரம்.

இப்போது உங்கள் எண்ணைப் போடுங்கள். நகரத்தில் ஓடும் மைல்களை நகர எண்ணால் வகுக்க வேண்டும், நெடுஞ்சாலை மைல்களை நெடுஞ்சாலை எண்ணால் வகுக்க வேண்டும், இரண்டையும் கூட்ட வேண்டும். 6,000 மைலில் 4,800 நகரம், 1,200 நெடுஞ்சாலை என்று வைத்துக்கொண்டால், வி8க்கு 300 கேலனும் 46 கேலனும் சேர்ந்து 346. ஹைப்ரிட்டுக்கு 185ம் 34ம் சேர்ந்து 219. பிரீமியம் பெட்ரோல் கேலன் 5 டாலர் என்று வைத்தால் வி8க்கு 1,730 டாலர், ஹைப்ரிட்டுக்கு 1,095 டாலர். ஆண்டுக்கு 635 டாலர் மிச்சம்.

அதே 6,000 மைலும் நெடுஞ்சாலை என்றால்? 231 கேலனுக்கு எதிராக 171. மிச்சம் 300 டாலர்தான். பாதிக்கும் கீழே போய்விட்டது. ஹைப்ரிட் சம்பாதிப்பது சிக்னலில் நின்று நின்று போகும் ஊரில். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்புவதால் வரும் லாபம் அது. சீராக 70 மைலில் போகும் சாலையில் பிரேக்குக்கே வேலையில்லை, எங்கிருந்து லாபம் வரும்?

அறிமுகமானபோது எல்சி 500இன் விலை 92,000 டாலர், 500எச்சின் விலை 96,510 டாலர். 4,510 டாலர் வித்தியாசத்தைப் பெட்ரோலில் மீட்க நகரக்காரருக்கு ஏழாண்டு ஆகும், நெடுஞ்சாலைக்காரருக்குப் பதினைந்தாண்டு. பழைய கார்ச் சந்தையில் இந்த இடைவெளி மாறியிருக்கும். அன்றைய விலைகளை எடுத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். என் கருத்தைக் கேட்டால், பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் ஹைப்ரிட் பக்கம் போவதில் அர்த்தமில்லை. தினமும் ஊருக்குள் அமைதியாக ஓட்டுபவருக்கு அது அருமையான கார். ஆனால் அந்த வி8 குளிரில் உறுமிக் கிளம்பும் சத்தத்துக்காகவே இந்தக் காரை விரும்பியவர் ஆண்டுக்கு 600 டாலர் மிச்சத்துக்காக வேறு காரை வாங்கினால், இரண்டே ஆண்டில் அதை விற்பார். அந்த விற்பனையில் போகும் பணம் பெட்ரோலில் மிச்சமானதைப் போல் பல மடங்கு.

படி 3: எந்தப் பெட்ரோல்?

இரண்டு எஞ்சினுக்கும் 91 ஆக்டேன் பிரீமியம் கேட்கிறது லெக்சஸ். (ஆக்டேன் என்பது, பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண்.) இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இங்கே குழம்புவார்கள். நம் ஊர் பங்க்கில் சாதாரணப் பெட்ரோலே நெடுங்காலம் 91ஆக இருந்ததல்லவா? அது ரான் என்ற அளவுமுறை. அமெரிக்கப் பம்ப்பின் மஞ்சள் ஸ்டிக்கரில் இருப்பது ரான், மான் என்ற இரண்டு அளவுகளின் சராசரி. எண் தாழ்ந்து தெரியும். அமெரிக்காவின் 87தான் நம் ஊர் 91க்குப் பக்கத்தில் வருவது. இங்குள்ள 91 என்பது அங்கே 95, 96க்குச் சமம். கொலராடோ போன்ற மலை மாநிலங்களில் சாதாரணப் பெட்ரோல் 85 ஆக்டேனில்கூட விற்கிறார்கள். இந்தக் காருக்கு அந்தக் குழாயைத் தொட வேண்டாம்.

மலிவான பெட்ரோலைப் போட்டால் என்ன ஆகும்? எஞ்சின் உடனே வெடித்துவிடாது. அழுத்த விகிதம் அதிகமான எஞ்சினில் ஆக்டேன் குறைந்த பெட்ரோல் நேரத்துக்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும். சென்சார் அதைக் கேட்டுவிட்டு, தீப்பொறியைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காப்பாற்றும். விலையாகத் திறனும் மைலேஜும் குறையும். பம்ப்பில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியைச் சாலையில் திருப்பிக் கொடுக்கிறீர்கள், உத்தரவாதச் சண்டைக்கும் வழி திறக்கிறீர்கள். மறுபக்கம், 91 கேட்கும் காருக்கு 93 ஊற்றி யாதொரு லாபமும் இல்லை. கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் பிரீமியம் என்றாலே 93தான் கிடைக்கும் என்றால் அதைப் போடுங்கள், தேடிப் போக வேண்டாம்.

ஆக்டேனைவிட நான் பார்ப்பது டாப் டியர் (Top Tier) முத்திரை. எஞ்சினுக்குள் கசடு படியாமல் காக்கும் சுத்திகரிப்பான் போதுமான அளவு சேர்த்த பெட்ரோல் என்று பொருள். 2004இல் பிஎம்டபிள்யூ, ஜிஎம், ஹோண்டா, டொயோட்டா நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய தரம் இது. காஸ்ட்கோ பெட்ரோலுக்கும் இந்த முத்திரை உண்டு, பிரீமியம் விலையும் பெரும்பாலும் அக்கம்பக்கத்தை விடக் குறைவு. வரிசையில் நிற்கும் பொறுமை இருந்தால் போதும்.

படி 4: கார் சொல்வதை விட்டு, பம்ப் சொல்வதைக் கேளுங்கள்

டேஷ்போர்டில் காட்டும் சராசரி மைலேஜ் தோராயமானது, பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். சரியான வழி பழைய வழிதான். டேங்க்கை முதல் கிளிக் வரை நிரப்பி ட்ரிப் மீட்டரைச் சுழியம் ஆக்குங்கள். அடுத்த முறை, முடிந்தால் அதே பங்க்கில், மறுபடி முதல் கிளிக் வரை நிரப்புங்கள். ஓடிய மைலை நிரப்பிய கேலனால் வகுங்கள். 268 மைலுக்கு 14.6 கேலன் பிடித்தால் 18.4. ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்டாதீர்கள்; நாலைந்து டேங்க்கின் மைலையும் கேலனையும் கூட்டி வகுத்தால்தான் உண்மை தெரியும். கிளிக்குக்குப் பிறகு பிதுக்கிப் பிதுக்கி நிரப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிக்குடுவை கெட்டால் அந்தச் செலவு வேறு.

படி 5: கால் செய்யும் வேலை

எல்லாச் செலவிலும் பெட்ரோல் ஒன்றுதான் ஓட்டுகிறவர் கையில், சரியாகச் சொன்னால் காலில், இருப்பது. ஈபிஏ 16 என்று சொல்லும் நகரத்தில் 12 எடுப்பவரும் உண்டு, 18 எடுப்பவரும் உண்டு.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறும். 65 மைல் வேகத்திலிருந்து 80க்குப் போனால் காற்றை எதிர்க்கும் விசை ஒன்றரை மடங்காகிறது. எல்சியின் தாழ்ந்த உடல் பார்க்க வழுக்கிக்கொண்டு போவது போலிருந்தாலும் இயற்பியல் அதற்குச் சலுகை தருவதில்லை. பத்து கியர் ஆட்டோமேடிக் நெடுஞ்சாலையில் எஞ்சினை மெதுவாகச் சுற்ற விடும். அதை அதன் போக்கில் விடுங்கள். வேக ஓட்டத்துக்கான ஸ்போர்ட் எஸ் பிளஸ் முறையைப் போட்டுவிட்டு மறந்துபோனால், தாழ்ந்த கியரைப் பிடித்துக்கொண்டே வரும், பெட்ரோல் ஊசி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். மலைப்பாதைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகப் பயணத்துக்கு வேண்டாம்.

அடுத்தது குறுகிய பயணம். மூன்று மைல் தொலைவில் உள்ள காபிக் கடைக்குப் போய்வருவதுதான் பெரிய எஞ்சின்களுக்குப் பரம எதிரி. எஞ்சின் உலோகமும் ஆயிலும் சூடேறி முடிவதற்குள் பயணமே முடிந்துவிடுகிறது. அரசின் கணக்குப்படி, 77 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓட்டுவதைவிட 20 டிகிரிக் குளிரில் நகர மைலேஜ் சுமார் 15 விழுக்காடு குறைகிறது. மூன்று நான்கு மைல் பயணங்களாக இருந்தால் 24 விழுக்காடு வரை போகும். ஹைப்ரிட் வைத்திருப்பவர் சிரிக்க வேண்டாம். அதே குளிரில் ஹைப்ரிட்டுகளின் இழப்பு 30 விழுக்காட்டைத் தாண்டும் என்கிறது அதே கணக்கு. மின்னியாபோலிஸில் இருப்பவரும் சான் டியேகோவில் இருப்பவரும் ஒரே சீட்டை நம்பி ஹைப்ரிட் கணக்குப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

குளிரில் காரை நிறுத்தியபடியே எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குவது கார்பரேட்டர் காலத்துப் பழக்கம். அரை நிமிடம் போதும், பிறகு மென்மையாக ஓட்டினால் எஞ்சின் விரைவில் சூடேறும். நின்றபடி ஓடும் எஞ்சினின் மைலேஜ் சுழியம். ஹைப்ரிட் ஓட்டுபவர் பிரேக்கைத் தூரத்திலேயே மெதுவாகத் தொடப் பழக வேண்டும். கடைசி நொடியில் அழுத்தினால் மோட்டாரால் அத்தனையையும் பிடித்து வைக்க முடியாது, மிச்சம் பிரேக் தட்டில் வெறும் சூடாகப் போய்விடும்.

படி 6: டயர்

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய எல்சி ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பெயின்ட்டைப் பார்க்கும் முன் பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்காருங்கள்.

20 அங்குலச் சக்கரமானால் முன்னால் 245/45, பின்னால் 275/40. 21 அங்குலமானால் 245/40, 275/35. முன்னும் பின்னும் அகலம் (முதல் எண்) வேறு. ஆகவே சாதாரணக் கார் போல் முன்டயரைப் பின்னாலும் பின்டயரை முன்னாலும் மாற்றிப்போட்டு ஆயுளைக் கூட்ட வழியில்லை. உந்துவிசை முழுவதும் பின்சக்கரத்துக்குப் போவதால் பின்டயர்கள் முதலில் தேயும். காருடன் வந்தவை ரன்ஃபிளாட் வகை: காற்று இறங்கினாலும் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓடும். அந்தத் தைரியத்தில் டிக்கியில் ஸ்டெப்னி வைக்கவில்லை.

டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. குறைவாக ஓடிய காரில் பட்டன் நன்றாகத் தெரியும், ரப்பரோ முற்றி வெடித்திருக்கும். "டயர் புதுசு மாதிரி இருக்கிறது" என்று விற்பவர் சொல்வது இந்த டயரைத்தான். பிறகு உள்விளிம்பில் கையை விட்டுத் தடவுங்கள். வெளிப்பக்கம் நன்றாக இருந்து உள்பக்கம் மட்டும் வழவழவென்றிருந்தால் அலைன்மென்ட் தவறியிருக்கிறது. நான்கு டயரும் ஒரே பிராண்டா என்றும் பாருங்கள். இந்தக் காருக்கு முன்னொரு பிராண்டும் பின்னொரு பிராண்டும் போட்டு ஓட்டியவர் வேறு எதிலெல்லாம் சிக்கனம் பிடித்தாரோ!

கணக்குக்கு: ஒரு செட் டயர் பொருத்துகூலியோடு 1,600 டாலர், 20,000 மைல் வரும் என்று வைத்துக்கொள்வோம். மைலுக்கு 8 சென்ட். பெட்ரோல் மைலுக்கு 29 சென்ட் ஆகிறது. டயர் அதில் கால் பங்குக்கு மேல்! உங்கள் ஊர் டயர்க் கடையில் அளவைச் சொல்லி விலை கேட்டு, இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். ரன்ஃபிளாட்டுக்குப் பதில் சாதாரண டயர் போட்டால் விலையும் குறையும், குலுக்கலும் குறையும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பஞ்சர் மருந்தும் காற்று பம்ப்பும் டிக்கியில் இருக்க வேண்டும், இரவில் நடுவழியில் நின்றால் இழுத்துச் செல்ல ஆள் கூப்பிடும் வசதியும் வேண்டும்.

குளிர்காலத்தில் சாலை குழிவிழும் ஊரில் இருப்பவருக்கு என் பரிந்துரை 20 அங்குலம். 21 பார்க்க அழகுதான். ஒரு குழியில் விழுந்து சக்கர விளிம்பு நெளிந்தால் அந்த அழகுக்கு விலை புரியும்.

மாதம் ஒருமுறை காற்றழுத்தம் பாருங்கள். அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் ஏறத்தாழ 0.2 விழுக்காடு போகும். தொகை சின்னது. தேய்மானம்தான் பெரிய நஷ்டம்.

படி 7: சர்வீஸும் உத்தரவாதமும்

ஐரோப்பியக் கூபேக்களோடு ஒப்பிட்டால் எல்சியின் பெரிய பலம் இதுதான். அதன் வி8 புதிதாக வந்த பரிசோதனை எஞ்சின் இல்லை. லெக்சஸின் 2008 மாடல் ஐஎஸ் எஃப் காலத்திலிருந்து ஆர்சி எஃப், ஜிஎஸ் எஃப் என்று பழகி வந்த குடும்பம். டர்போ கிடையாது. நேரடியாகவும் உள்ளிழுப்புக் குழாய் வழியாகவும் இரண்டு வகையிலும் பெட்ரோல் தெளிப்பதால், நேரடித் தெளிப்பு மட்டும் உள்ள எஞ்சின்களைப் பிடித்தாட்டும் வால்வுக் கரிப்படிவு இதில் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை.

புதிய காருக்கு முதல் இரண்டு சர்வீஸ்கள் லெக்சஸ் கணக்கில். அடிப்படை உத்தரவாதம் 4 ஆண்டு அல்லது 50,000 மைல். எஞ்சின், கியர்பாக்ஸுக்கு 6 ஆண்டு அல்லது 70,000 மைல். ஹைப்ரிட் பேட்டரிக்கு 2020 மாடலிலிருந்து 10 ஆண்டு அல்லது 150,000 மைல். அதற்கு முந்தையவற்றுக்கு 8 ஆண்டு அல்லது 100,000 மைல்தான். பழைய 500எச் வாங்குபவர் 2019க்கும் 2020க்கும் நடுவே உள்ள விலை வித்தியாசத்தை இந்த வரியோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

குறைவாக ஓடும் காரில் மைலைப் பார்த்துச் சர்வீஸ் விடக் கூடாது, தேதியைப் பார்த்து விட வேண்டும். 3,000 மைல்தான் ஓடியது என்றாலும் ஆண்டுக்கொரு முறை ஆயில் மாற்றம் வேண்டும். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும், அதற்கும் கெடு உண்டு. வாரக்கணக்கில் நிற்கும் காரில் 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போகும். சுவர் மின்சாரத்தில் மாட்டிவைக்கும் சிறிய பராமரிப்புச் சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

சர்வீஸை டீலரிடம்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கிறது. நல்ல தனி மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். ஆயில் வகை, தேதி, மைல் எழுதிய பில்லை மட்டும் தவறாமல் கோப்பில் வையுங்கள். விற்கும்போதும் அந்தக் கோப்புதான் பேரம் பேசும். பிரேக் தட்டு மாற்றும் செலவை மட்டும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். முன்னால் ஆறு பிஸ்டன் காலிப்பர் உள்ள பெரிய பிரேக். டொயோட்டா கேம்ரி விலையை மனத்தில் வைத்துப் போனால் முகம் மாறும்.

படி 8: நின்றாலும் கட்ட வேண்டியவை

காப்பீடு: காரைப் பார்த்து மனம் பறிகொடுப்பதற்கு முன், அதன் தனி அடையாள எண்ணை (விஐஎன்) விளம்பரத்திலிருந்து எடுத்து மூன்று நான்கு நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே காருக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிய வித்தியாசம் வரும். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவருக்கு இங்கே ஓட்டுநர் வரலாறும் குறைவு, கடன் வரலாறும் குறைவு. பல மாநிலங்களில் கடன் மதிப்பெண்ணை வைத்தும் பிரீமியத்தை ஏற்றுவார்கள். கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாயில் அதற்கு அனுமதி இல்லை. ஆண்டு ஓட்டம் குறைவென்றால் அதைச் சொல்லித் தள்ளுபடி கேளுங்கள். படி 1இல் எழுதிய எண்ணுக்கு இங்கேயும் வேலை இருக்கிறது.

வரி: இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆரெகனில் விற்பனை வரியே இல்லை. டெக்சஸில் 6.25 விழுக்காடு. கலிஃபோர்னியாவில் விற்பனை வரி குறைந்தபட்சம் 7.25, அதோடு ஆண்டுதோறும் காரின் மதிப்பில் 0.65 விழுக்காடு உரிமக் கட்டணம், மதிப்பு குறையக் குறைய அதுவும் குறையும். வெர்ஜினியாவில் உள்ளூர் நிர்வாகமே ஆண்டுதோறும் காருக்குச் சொத்து வரி கேட்கும். நியூஜெர்சியில் 45,000 டாலருக்கு மேல் விலையுள்ள, அல்லது ஈபிஏ எண் 19க்குக் கீழ் உள்ள புதிய காருக்கு ஒருமுறை 0.4 விழுக்காடு கூடுதல் வரி. பழைய கார் வாங்குபவருக்கு அது இல்லை.

படி 9: மதிப்பு இறக்கம்

எல்லாவற்றிலும் பெரியது இது: வைத்திருக்க வைத்திருக்கக் காரின் மறுவிற்பனை விலை குறைவது. பில்லாக வராது என்பதால் கண்ணில் படாது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, புதிய கார் ஒன்றை ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்ட 2024இல் சராசரியாக 12,297 டாலர் ஆகிறது என்று கணக்கிட்டது. அதில் மற்றெந்தச் செலவையும்விடப் பெரிய பங்கு மதிப்பு இறக்கம்தான், அதுவும் சாதாரணக் கார்களையும் சேர்த்த சராசரியில்.

உங்கள் காருக்கு மதிப்பு இறக்கத்தைக் கணிக்க எளிய வழி: நீங்கள் பார்க்கும் காரைவிட மூன்றாண்டு பழைய, உங்கள் ஓட்டத்தையும் சேர்த்தால் வரும் மைலுள்ள எல்சிகள் இன்று என்ன விலைக்கு விளம்பரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். 2021 மாடலை வாங்குவதானால் 2018ஐப் பாருங்கள். இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் ஆண்டு இறக்கம். விளம்பர விலை விற்ற விலை அல்ல, கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது கட்டிய விற்பனை வரி திரும்பி வராது, அதையும் வைத்திருக்கப்போகும் ஆண்டுகளால் வகுத்துச் சேருங்கள். புதிதாக வாங்குவதைவிட மூன்று நான்காண்டு பழையதை வாங்குவது லாபம் என்று நான் சொல்வது இந்த ஒரு வரிக்காகத்தான். முதல் ஆண்டுகளின் சரிவை வேறொருவர் சுமந்து முடித்திருப்பார்.

படி 10: ஒரே தாளில்

நின்றாலும் போகும் பணம் ஒரு பக்கம், ஓடினால் போகும் பணம் மறுபக்கம். எடுத்துக்காட்டுக்கு, வி8 ஒன்றுக்கு மதிப்பு இறக்கம் 5,000 டாலர், காப்பீடு 2,400, பதிவும் வரியும் 500 என்று வைப்போம். மொத்தம் 7,900. ஓட்டத்தில் பெட்ரோல் 29 சென்ட், டயர் 8, சர்வீஸும் பிரேக்கும் 10. மைலுக்கு 47 சென்ட். எண்கள் உங்களுக்கு மாறும், முறை மாறாது.

6,000 மைலுக்கு 7,900ம் 2,820ம் சேர்ந்து 10,720 டாலர். மைலுக்கு 1.79. இதில் பெட்ரோல் வெறும் 16 விழுக்காடு. 12,000 மைல் ஓட்டினால் 13,540, மைலுக்கு 1.13. ஓட்டம் கூடினால் மதிப்பும் கூடுதலாக இறங்கும் என்பதால் அந்த 7,900 சற்று ஏறும். இருந்தாலும் ஓட்ட ஓட்ட ஒவ்வொரு மைலும் மலிவாகிறது.

பெட்ரோல் கேலனுக்கு ஒரு டாலர் ஏறிவிட்டது என்று செய்தியில் அலறுகிறார்களா? 6,000 மைல் ஓட்டும் வி8காரருக்கு ஆண்டுக்கு 346 டாலர் கூடும், மொத்தச் செலவில் மூன்று விழுக்காடு. காப்பீட்டுக்கு இன்னும் இரண்டு நிறுவனங்களைக் கேட்டிருந்தால் அதைவிட அதிகம் மிச்சமாகியிருக்கலாம்.

தாள் தயாரானதும், கையெழுத்துப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை மூன்று. காப்பீட்டு விலையை எழுத்தில் வாங்குங்கள். டயர் அளவைச் சொல்லிக் கடையில் ஒரு செட் விலை கேளுங்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் காரை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் லிஃப்ட்டுக்குச் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.